மீண்டும் ஓர் ஆண்டு எழுதுவதா? பிளஸ் டூ முடித்தவரும் பெற்றோரும் முடிவெடுக்கும் முறை

பிளஸ் டூ முடிவும் அதையடுத்து நீட் முடிவும் வெளியாகும் நாட்களில், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல வீடுகளில் ஏறத்தாழ ஒரே பேச்சுதான் நடக்கிறது. மதிப்பெண் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை என்றதும், "பரவாயில்லை, இன்னொரு வருஷம் எழுதட்டும்" என்று அப்பா சொல்கிறார். ஓசூரில் வேலை பார்க்கும் மாமாவோ பெங்களூரில் இருக்கும் சித்தப்பாவோ போனில் அதையே வழிமொழிகிறார். எழுத வேண்டியவர் மட்டும் வாயைத் திறப்பதில்லை. அந்த மௌனம் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்பட்டு, ஜூன் முடிவதற்குள் நாமக்கல்லிலோ சேலத்திலோ ஒரு பயிற்சி மையத்தின் விடுதிக்கு முன்பணம் கட்டியாகிவிடுகிறது.

அந்த முன்பணத்தைக் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளைத்தான் இங்கே சொல்கிறேன். மீண்டும் எழுதுவது வெட்கப்பட வேண்டிய செயல் அன்று. அப்படி எழுதி நல்ல இடம் பிடித்தவர்கள் ஏராளம். ஆனால் முதல் முறை மதிப்பெண் எதனால் குறைந்தது என்பது தெளிவாகத் தெரிந்து, அந்தக் காரணம் பத்து மாதங்களில் நீங்கக்கூடியதாகவும் இருந்து, எழுதப்போகிறவரே அதை விரும்பினால் மட்டுமே அந்த ஆண்டு பயன் தரும் என்பது என் கருத்து. இவற்றுள் ஒன்று குறைந்தாலும், இரண்டாம் ஆண்டின் மதிப்பெண் முதல் ஆண்டின் மதிப்பெண்ணை ஒட்டியே வந்து நிற்கும். இடையில் பணமும் மனமும் கரைந்திருக்கும்.

எந்தத் தேர்வை மீண்டும் எழுதப் போகிறீர்கள்

இந்தக் கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பல குடும்பங்கள் இதிலேயே குழம்பிவிடுகின்றன. பிளஸ் டூ பொதுத்தேர்வை மீண்டும் எழுதுவதும், நீட் போன்ற நுழைவுத் தேர்வை மீண்டும் எழுதுவதும் முற்றிலும் வெவ்வேறு காரியங்கள்.

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் ஒன்றிரண்டு பாடங்களில் தேர்ச்சி பெறாதவர்களும், தேர்வுக்குப் போக முடியாதவர்களும் துணைத் தேர்வை எழுதலாம். இது அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டிய தேர்வு அன்று. பொதுத்தேர்வு முடிவு வந்த சில வாரங்களிலேயே நடந்து, அதே ஆண்டில் கல்லூரியில் சேரவும் வழிவிடுகிறது. பொறியியல் சேர்க்கையில் துணைத் தேர்வில் தேறியவர்களுக்கென்றே துணைக் கலந்தாய்வு நடக்கிறது. ஆகவே துணைத் தேர்வை எழுதுவதா வேண்டாமா என்று யோசிக்கவே தேவையில்லை; படித்த பள்ளிக்குப் போய் விண்ணப்பித்துவிட வேண்டும். செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வில் 70-க்கு 15 கட்டாயம் பெற வேண்டும், மொத்தத்தில் 35 வர வேண்டும் என்ற விதியை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால், இயற்பியலைக் கண்டு நடுங்குகிற மாணவருக்கும் அது எட்டாத உயரமாக இருக்காது.

தேர்ச்சி பெற்றுவிட்டீர்கள், ஆனால் மதிப்பெண் போதவில்லை என்றால் நிலைமை வேறு. மாநிலப் பாடத்திட்டத்தில் தேர்ச்சி பெற்ற பாடத்தை மதிப்பெண் கூட்டிக்கொள்வதற்காக மறுபடி எழுதும் 'இம்ப்ரூவ்மென்ட்' முறை இப்போது கிடையாது. இதிலிருந்து மிக முக்கியமான ஒரு விளைவு பிறக்கிறது. அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கலந்தாய்வு, வேளாண் பல்கலைக்கழகச் சேர்க்கை, கால்நடை மருத்துவச் சேர்க்கை, பி.எஸ்சி. நர்சிங் ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. கணிதத்தில் 82, இயற்பியலில் 76, வேதியியலில் 80 பெற்ற ஒருவரின் பொறியியல் கட்-ஆஃப், கணிதத்தை முழுதாகவும் மற்ற இரண்டைப் பாதியாகவும் எடுத்துக் கூட்டினால், 200-க்கு 160 ஆகும். அவர் ஓராண்டு வீட்டில் காத்திருந்தாலும் அடுத்த ஆண்டும் அது 160 ஆகவே இருக்கும். "அடுத்த வருஷம் நல்ல காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும்" என்ற நம்பிக்கையில் பிள்ளையை நிறுத்திவைக்கும் பெற்றோர், எதை நம்பி நிறுத்துகிறோம் என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே போதும்.

சிபிஎஸ்இ பள்ளியில் படித்தவர்களுக்கு அடுத்த ஆண்டு மீண்டும் எழுதி மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளும் வழி உண்டு. திறந்தநிலைப் பள்ளியில் சேர்ந்து பன்னிரண்டாம் வகுப்பைப் புதிதாக எழுதலாம் என்று ஆலோசனை சொல்லும் இடைத்தரகர்களும் இருக்கிறார்கள். இரண்டு வழிகளிலும் பணம் கட்டுவதற்கு முன், நீங்கள் சேர விரும்பும் படிப்புக்கான சேர்க்கைத் தகவல் கையேட்டை எடுத்து, எந்த மதிப்பெண் பட்டியலை அவர்கள் ஏற்கிறார்கள் என்ற பகுதியை நீங்களே படித்துவிட வேண்டும். தரகரின் வாய்வார்த்தையைக் கலந்தாய்வு மையத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.

மிஞ்சுவது நுழைவுத் தேர்வுதான். நீட் தேர்வை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். மேல் வயது வரம்பும் இப்போது இல்லை. பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினைப் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் ஆண்டையும் சேர்த்து மூன்று ஆண்டுகள் எழுதலாம். ஐஐடிகளில் சேர்வதற்கான ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வுக்கு அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டே வாய்ப்புகள். நம் மாவட்டங்களில் 'ரிப்பீட்டர்' என்று சொன்னால் பெரும்பாலும் நீட் எழுதுபவரையே குறிப்பதால், இனி வருவனவற்றில் அதையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன்.

விடைத்தாளை விரித்துவைத்துப் பேசுங்கள்

"கொஞ்சம் கவனமா படிச்சிருந்தா வந்திருக்கும்" என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்கக் கூடாது. பிளஸ் டூ மதிப்பெண்ணில் உங்களுக்கு நியாயமான ஐயம் இருந்தால், முடிவு வந்த சில நாட்களுக்குள் பள்ளி வழியாக விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து, பார்த்த பிறகு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். அதற்கான நாட்கள் மிகக் குறைவு. சொந்தக்காரர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதற்குள் கடந்துவிடும்.

நீட்டில் இந்த வேலை இன்னும் எளிது. நீங்கள் வட்டமிட்ட ஓஎம்ஆர் தாளின் படமும் விடைக்குறிப்பும் இணையத்தில் கிடைக்கின்றன. வினாத்தாளையும் அவற்றையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, 180 கேள்விகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, தவறானவற்றையும் விட்டுவிட்டவற்றையும் வகை பிரிக்க வேண்டும். பாடமே தெரியாததால் போனவை ஒரு வகை. பாடம் தெரிந்தும் கணக்கில் வழுக்கியவை, கேள்வியைத் தவறாகப் படித்தவை மற்றொரு வகை. நேரம் போதாமல் தொடாமலே விட்டவை மூன்றாம் வகை. தெரியாமலேயே குத்துமதிப்பாக வட்டமிட்டவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல்தான் பலரைத் திடுக்கிட வைக்கும்.

ஏனெனில் நீட்டில் சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு. 180 கேள்விகளுக்கும் விடையளித்து 90 சரியும் 90 தவறும் ஆனால், 360-இல் 90 போய் 270 நிற்கும். அதே மாணவர் 110 கேள்விகளை மட்டும் தொட்டு, 85 சரியும் 25 தவறுமாக முடித்திருந்தால் 315 வரும். சரியான விடை ஐந்து குறைந்தும் மொத்தம் 45 கூடுகிறது. இப்படிப்பட்ட இழப்பு பயிற்சியால் சரியாகும். இதற்கு ஓராண்டு கொடுப்பதில் பொருள் உண்டு.

பாடமே தெரியாததால் போனவை அதிகம் என்றால், எந்த வகுப்புப் பாடம் என்று பாருங்கள். பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு இரண்டு ஆண்டுகளும் பிளஸ் டூ பாடத்தையே ஓட்டிய பள்ளியில் படித்தவர்களுக்கு, அலைவும் வெப்ப இயக்கவியலும் தாவர உடற்செயலியலும் புதிதாகவே இருக்கும். நீட்டிலோ அந்தப் பகுதிகளிலிருந்து கணிசமான கேள்விகள் வருகின்றன. இதுவும் ஓராண்டில் நிரப்பக்கூடிய பள்ளம்தான். தமிழ்வழியில் படித்து, ஆங்கிலத்தில் மட்டும் நடக்கும் பயிற்சி வகுப்பில் பாதி புரியாமல் உட்கார்ந்திருந்தவர்கள், தமிழ்வழியில் விளக்கிச் சொல்லும் ஆசிரியர் ஒருவரையாவது கண்டுபிடித்துவிட்டால் நிலைமை மாறும். தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பதால், மொழியை மட்டும் காரணமாகச் சொல்லிக்கொண்டு ஒதுங்க வேண்டியதில்லை. தேர்வுக்கு முந்தைய மாதங்களில் டைபாய்டு வந்து படுத்தது, வீட்டில் ஒரு சாவு நேர்ந்தது போன்றவையும் மறுபடி நேராதவை என்ற கணக்கில் வரும்.

பத்து மாதங்களில் சரியாகாதவை என்று சிலவற்றையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கணிதமே தடுமாறும் நிலையில் நீட் இயற்பியலை அடியிலிருந்து கட்டி எழுப்புவது மிகக் கடினம். அதைவிடக் கடினமானது அந்தப் பாடத்தின்மேலேயே இருக்கிற வெறுப்பு. உயிரியல் புத்தகத்தைத் திறந்தாலே தூக்கம் வருகிறது என்று சொல்லும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவது வழக்கம். ஆனால் 180-இல் 90 கேள்விகள் உயிரியலிலிருந்து வரும் ஒரு தேர்வுக்கு அந்தப் பிள்ளையை மறுபடி அனுப்புவது, தண்ணீர் இல்லாத நிலத்தில் அதே விதையை இரண்டாம் முறை விதைப்பதுதான்.

முடிவெடுப்பதற்கு முன் ஒரு சோதனையும் செய்து பார்க்கலாம். நீட் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நடப்பதால், ஒரு ஞாயிறு பகல் 2 மணி முதல் 5 மணி வரை, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பழைய வினாத்தாள் ஒன்றை முழுதாக எழுதுங்கள். பிழைகளை ஆராய்ந்து, இரண்டு வாரங்கள் அந்தப் பகுதிகளை மட்டும் படித்து, வேறொரு ஆண்டின் தாளை அதே நேரத்தில் எழுதுங்கள். மதிப்பெண் எவ்வளவு கூடியது என்பதைக் காட்டிலும், அந்த இரண்டு வாரங்கள் யாரும் விரட்டாமல் நீங்களாகவே புத்தகத்தை எடுத்தீர்களா என்பதைக் கவனியுங்கள். எந்த ஆலோசகரும் சொல்ல முடியாத பதில் அதில் இருக்கிறது.

இது யாருடைய ஆசை

மழையை நம்பிய நிலத்தில் ராகியும் துவரையும் போட்டுப் பிழைத்த ஒருவருக்கு, பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளி விலை ஒரு வாரம் ஏறி மறுவாரம் கூலிக்கும் காணாமல் போவதைப் பார்த்துப் பழகிய ஒருவருக்கு, மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற, நான்கு பேர் எழுந்து நின்று மரியாதை கொடுக்கிற ஒரு வேலை என்பது சாதாரண ஆசை அன்று. தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி ஏற்கெனவே இருக்க, 2022-இல் கிருஷ்ணகிரியிலும் 150 இடங்களோடு ஒன்று வந்தபோது, அந்த ஆசைக்குக் கண்ணெதிரே ஒரு கட்டடமும் கிடைத்துவிட்டது. ஆகவே பெற்றோரை வில்லன்களாக நினைத்துக்கொண்டு இந்தப் பேச்சைத் தொடங்குவது பிள்ளைகளுக்கு உதவாது.

இருந்தாலும், எழுதப்போவது அப்பா அல்லர். இருவரும் தனித்தனியாக ஒரு தாளில், மீண்டும் எழுத வேண்டும் என்பதற்கான காரணங்களை எழுதி, ஒரு நாள் கழித்து மாற்றிக்கொண்டு படிக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோராக இருந்தால் அவர் சொல்ல அண்ணனோ அக்காவோ எழுதட்டும். பிள்ளையின் தாளில் 'அப்பா வருத்தப்படுவார்', 'ஊரில் என்ன சொல்வார்கள்', 'பெரியப்பா மகள் சேர்ந்துவிட்டாள்' என்பவை மட்டுமே இருந்தால், மீண்டும் எழுத வேண்டாம் என்றே நான் சொல்வேன். ஒரே ஒரு வரியாவது அந்தப் படிப்பையோ அந்த வேலையையோ பற்றியதாக இருக்க வேண்டும்.

பெற்றோரின் தாளில் இருப்பவற்றையும் கூர்ந்து பார்க்க வேண்டும். டாக்டர் என்ற சொல்லுக்குள் பல ஆசைகள் ஒளிந்திருக்கும். நிரந்தர வருமானம் என்றால் ஒரு வழி; ஊருக்கு உதவும் வேலை என்றால் இன்னொரு வழி; அரசு வேலை என்றால் மற்றொரு வழி. தமிழ்நாட்டின் மாநிலச் சேர்க்கையில் கால்நடை மருத்துவம், வேளாண்மை, நர்சிங் ஆகியவற்றுக்கு நீட் தேவையில்லை. ஓசூர் மத்திகிரியில் கோழியினத் தொழில்நுட்பத்துக்கென்றே கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஒன்று இருக்கிறது என்பது பக்கத்து ஊர்க்காரர்களுக்கே தெரிவதில்லை. காவேரிப்பட்டினம் அருகே பையூரில் இருக்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கு அப்பாவையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை போய்வந்தால், வேளாண்மை படித்தவர் மண்வெட்டி பிடிக்கப்போகிறார் என்ற எண்ணமாவது மாறும்.

பேசும் முறையும் முக்கியம். சாப்பாட்டு நேரத்திலும், உறவினர் கூடியிருக்கும்போதும், அப்பா வேலையிலிருந்து களைத்து வந்த உடனேயும் இதை எடுக்க வேண்டாம். முதலில் அம்மாவிடம் சொல்லி, அவர் வழியாக நேரம் கேட்டுக்கொள்வது நம் வீடுகளில் செல்லுபடியாகும் முறை. தொடங்கும்போதே "என்னால முடியாது" என்றால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். அதற்கு மாறாக, விடைத்தாளை வைத்துக்கொண்டு இப்படித் தொடங்கலாம்:

"அப்பா, எங்க எங்க மார்க் போச்சுன்னு எழுதி வச்சிருக்கேன். ஒரு அரை மணி நேரம் இதப் பாருங்கப்பா. பாத்துட்டு நீங்க என்ன சொன்னாலும் கேக்கறேன், ஆனா நான் சொல்லி முடிக்கற வரைக்கும் இடையில பேசாதீங்க."

"சொல்லு கண்ணு. நான் உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்."

"தெரியும்பா. அதனாலதான் மொதல்ல உங்ககிட்டயே வந்தேன்."

இதற்கும் அசையாத தந்தை என்றால், அவர் மதிக்கிற ஒருவரை நடுவில் வைத்துக்கொள்ளலாம். வகுப்பாசிரியர், ஊரில் முதலில் பட்டம் பெற்றவர், அரசு வேலையில் இருக்கும் தாய்மாமன் ஆகியோரின் சொல் பல வீடுகளில் எடுபடும். ஏற்கெனவே தன் பிள்ளைக்கு லட்சங்களைச் செலவழித்துவிட்ட உறவினரை மட்டும் அழைக்காதீர்கள். தான் செய்தது சரி என்று நிரூபிப்பதிலேயே அவர் குறியாக இருப்பார்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "நாங்க பட்ட கஷ்டம் உனக்குத் தெரியாது" என்ற வாக்கியம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைக் கேட்ட பிறகு எந்தப் பிள்ளையும் தன் மனத்தில் இருப்பதைச் சொல்லாது. உங்கள் மகனோ மகளோ உண்மையில் என்ன நினைக்கிறார் என்று தெரிய வேண்டுமானால், "நீ எழுதலன்னாலும் எனக்கு ஒண்ணும் இல்ல, வேற என்ன படிக்கலாம்னு சொல்லு" என்று ஒரு முறை கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள். உடனே வராது. இரண்டு நாள் கழித்து, பேருந்துக்குக் காத்திருக்கும்போதோ மாட்டுக்குத் தீனி வைக்கும்போதோ வரும்.

பெண் பிள்ளைகளுக்கு இந்த ஓராண்டு

நம் இரு மாவட்டங்களிலும் இதைத் தனியாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கல்லூரியில் சேர்ந்துவிட்ட பெண்ணை, படிக்கிறாள் என்று சொல்லி வரன்காரர்களைத் திருப்பி அனுப்புவது எளிது. வீட்டிலிருந்தபடி நீட்டுக்குப் படிக்கிறாள் என்றால் ஊரார் கணக்கில் அவள் சும்மா இருப்பவள். ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் ஜாதகம் கேட்டு ஆள் வரத் தொடங்கிவிடும். நல்ல எண்ணத்தோடு தொடங்கிய பெற்றோரே மார்கழிக்குள், "ரிசல்ட் எப்படி வருமோ, நல்ல இடமா வந்திருக்கு" என்று மனம் மாறுவது உண்டு.

ஆகவே பெண் பிள்ளையின் விஷயத்தில், வெறும் இடைவெளி ஆண்டைக் காட்டிலும் ஒரு கல்லூரியில் சேர்ந்துகொண்டு தேர்வுக்கும் படிப்பதே பாதுகாப்பானது என்று நினைக்கிறேன், மதிப்பெண் சற்றுக் குறைந்தாலும் கூட. தர்மபுரி அரசு கலைக் கல்லூரி, கிருஷ்ணகிரி அரசு மகளிர் கலைக் கல்லூரி போன்றவற்றில் கட்டணம் மிகக் குறைவு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். அது உயர்கல்வியில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே உரியது. அப்படியும் இடைவெளி ஆண்டுதான் என்று முடிவானால், இந்த ஓராண்டில் திருமணப் பேச்சு எடுப்பதில்லை என்ற உறுதியை அம்மா, அப்பா, பாட்டி மூவரிடமும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்குத் திருமணம் என்ற பேச்சே எழுந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம்.

பணத்தை எழுதிப் பாருங்கள்

பயிற்சிக் கட்டணம், விடுதி, உணவு, தேர்வுத் தாள்கள், ஊருக்கு வந்துபோகும் செலவு ஆகிய அனைத்தையும் கூட்டி, அது எங்கிருந்து வருகிறது என்பதையும் எழுத வேண்டும். ஒன்றரை லட்சத்தை இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 3,000 ரூபாய், ஆண்டுக்கு 36,000 ரூபாய் வட்டியாகவே போகும். அசல் அப்படியே நிற்கும். இந்தக் கணக்கைப் பிள்ளையிடமிருந்து மறைக்காதீர்கள். அதே சமயம், ஒவ்வொரு முறை போனில் பேசும்போதும் அதைச் சொல்லிக் காட்டவும் கூடாது.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். 2020-இல் கொண்டுவரப்பட்ட 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் மருத்துவ இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மீண்டும் எழுதுவதால் அந்த உரிமை போய்விடுவதில்லை. அவர்களின் கட்-ஆஃபும் பொதுப் பட்டியலைவிடக் குறைவாக இருப்பது வழக்கம். ஆகவே கடந்த ஆண்டு அந்த ஒதுக்கீட்டில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணைத் தேடிப் பார்த்து, உங்கள் மதிப்பெண்ணுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை வைத்து முடிவெடுங்கள். இடைவெளி 40, 50 மதிப்பெண்ணாக இருந்தால் அது ஒரு கதை. 250 ஆக இருந்தால் முற்றிலும் வேறு கதை. அடுத்த ஆண்டு அந்த எல்லையே ஏறவும் கூடும், இறங்கவும் கூடும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே குறிவைக்க வேண்டும்.

கையில் இருப்பதை விடுவதற்கு முன்

மீண்டும் எழுதுவது என்று மனம் சாய்ந்திருந்தாலும், இந்த ஆண்டுக்கான எல்லா விண்ணப்பங்களையும் போட்டுவிடுங்கள். பொறியியல் கலந்தாய்வு, அரசு கலை அறிவியல் கல்லூரி, வேளாண்மை, நர்சிங் என்று எதையும் விட வேண்டாம். செட்டிக்கரையிலும் பர்கூரிலும் அரசுப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. பாலிடெக்னிக்கில் பிளஸ் டூ அறிவியல் படித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். கையில் ஒரு ஒதுக்கீட்டு ஆணை இருக்கும்போது எடுக்கும் முடிவுக்கும், ஒன்றும் இல்லாதபோது எடுக்கும் முடிவுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. கிடைத்த இடத்தைப் பார்த்ததும் பலருக்கு மீண்டும் எழுதும் எண்ணமே போய்விடுவதுண்டு. அதில் தவறில்லை.

கல்லூரியில் சேர்ந்து இடையில் விலகுவதாக இருந்தால், சேரும்போதே டிசி, மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று ஆகியவற்றின் நகல்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. எந்தத் தேதிக்குள் விலகினால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் சேர்க்கை நாளிலேயே அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

எழுதுவது என்று முடிவானால்

எத்தனை முறை என்பதை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். ஒரே ஒரு முறை என்பதே என் ஆலோசனை. மூன்றாம், நான்காம் முறை எழுதுகிறவர்களில் பலர் விரும்பி எழுதுவதில்லை. இத்தனை ஆண்டுகள் போய்விட்டனவே, இனி எப்படி விடுவது என்று எழுதுகிறார்கள். ஒரே ஒரு முறை என்று அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் ஒப்புக்கொண்டதை ஒரு நோட்டில் எழுதிவைத்தால், அடுத்த ஜூனில் இதே பேச்சு மறுபடி தொடங்காது.

ஆண்டின் நடுவில் ஒரு நிறுத்தமும் வேண்டும். ஆயுத பூஜை விடுமுறையை ஒட்டி, பயிற்சி மையம் கொடுக்கும் தாளை விட்டுவிட்டு, நீங்கள் இதுவரை பார்க்காத பழைய நீட் தாள் ஒன்றை எழுதிப் பாருங்கள். பயிற்சி மையத்துத் தேர்வுகள் அப்போதைக்கு நடத்திய பாடத்திலிருந்தே வருவதால், அவற்றின் மதிப்பெண் மனத்துக்கு இதமாக இருக்குமே தவிர, உண்மை நிலையைக் காட்டாது. முதல் முறை பெற்ற மதிப்பெண்ணைவிட அப்போதும் பெரிதாக முன்னேறவில்லை என்றால், எஞ்சிய மாதங்களில் என்ன மாற்றப்போகிறோம் என்று குடும்பமாக உட்கார்ந்து பேச வேண்டும். மையத்தையே மாற்றுவதோ, வீட்டுக்கு வந்து படிப்பதோ, அடுத்த கல்வியாண்டுக்கு வேறு படிப்பைத் தீர்மானிப்பதோ எதுவாகவும் இருக்கலாம்.

விடுதியில் இருக்கும் பிள்ளை போனில் "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மாதம் ஒருமுறையாவது நேரில் போய், மதிப்பெண்ணைக் கேட்காமல், வெளியே அழைத்துப்போய்ச் சாப்பிட வைத்துத் திரும்புங்கள். தூக்கம் கெட்டிருந்தாலும், சாப்பாடு குறைந்திருந்தாலும், முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போயிருந்தாலும், "நான் இருந்து என்ன பயன்" என்ற தொனியில் ஒரு சொல் வந்தாலும், அன்றே வீட்டுக்கு அழைத்து வந்துவிட வேண்டும். கட்டிய பணத்தைப் பற்றி அப்போது யோசிக்கவே கூடாது. டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-இலும், தமிழக அரசின் 104 எண்ணிலும் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மாணவரே அழைக்கலாம், அப்பாவுக்குத் தெரிய வேண்டியதில்லை. மேற்படிப்பு பற்றிய ஐயங்களுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 இருக்கிறது.

கடைசியாக ஒரு சிறு வேலை. இந்த ஆண்டு வாங்கிய வருமானச் சான்று அடுத்த ஆண்டு சேர்க்கையின்போது செல்லாது. அதன் காலம் ஓராண்டுதான். மத்திய ஒதுக்கீட்டுக்கான ஓபிசி சான்றும் அந்தந்த ஆண்டுக்கே புதிதாகக் கேட்கப்படும். நீட் முடிவு வந்த பிறகு இ-சேவை மையத்தின் வரிசையில் நிற்பதைவிட, அடுத்த ஏப்ரல் பிறந்ததுமே இரண்டுக்கும் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலரிடம் ஒருமுறை நினைவூட்டிவிட்டு வாருங்கள். பிள்ளை தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் அந்த மாதத்தில், இந்த அலைச்சல் அப்பாவுடையதாக இருக்கட்டும்.